எரிமலை போட்ட அஸ்திவாரம்

ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைகளைப் பார்க்கக் காரில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எடின்பரோவில்தான் தொடங்குவார்கள். நகரத்தின் நடுவே மூன்று பக்கமும் செங்குத்தாக இறங்கும் கரும்பாறை, அதன் உச்சியில் கோட்டை. அங்கிருந்து ஸ்டெர்லிங் போனால், சமவெளியிலிருந்து திடீரென எழும்பும் இன்னொரு பாறை, அதன் மேலும் கோட்டை. கிளைட் ஆற்றங்கரையில் டம்பார்ட்டனிலும் அதே காட்சிதான். மூன்றையும் கட்டியவர்கள் வேறு வேறு காலத்தவர்கள், வேறு வேறு அரசுகள். இடத்தைத் தயார் செய்து வைத்தது மட்டும் ஒன்றுதான்: பூமிக்கு அடியிலிருந்து வந்த பாறைக்குழம்பு.

நானும் கணவரும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு இந்தக் கோட்டைகளை வரிசையாகப் பார்த்தோம். அவருக்கு வரலாறு உயிர். எந்த முற்றுகை எந்த ஆண்டு, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். என் கண்ணோ சுவருக்குக் கீழே இருக்கும் பாறைக்குப் போய்விடும். அவர் சொன்ன கதையையும் நான் பார்த்த பாறையையும் பக்கத்தில் வைத்தபோது, அந்த நாட்டின் போர் வரலாற்றில் பாதியைப் பாறையே எழுதியிருப்பது புரிந்தது.

எடின்பரோ பாறையின் வயது ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகள். அப்போது ஸ்காட்லாந்து பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தது. இன்றைய நிலக்கரியாக மாறிய காடுகள் வளரத் தொடங்கிய காலம் அது. அங்கே ஓர் எரிமலை பொங்கி ஓய்ந்தது. கடைசியாக அதன் தொண்டையில் தங்கிவிட்ட குழம்பு ஆறி, பசால்ட் என்ற கெட்டியான பாறையாக இறுகியது. மேலே இருந்த எரிமலைக் கூம்பு கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் காற்றிலும் கரைந்துபோயிற்று. தொண்டை அடைப்பு மட்டும் நின்றது.

பிறகு பனியுகம் வந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனி மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. வழியிலிருந்த மென்மையான படிவுப் பாறைகளைச் சுரண்டித் தள்ளிக்கொண்டு வந்த பனியால், இந்தப் பசால்ட் அடைப்பை அசைக்க முடியவில்லை. இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிப் போயிற்று. ஆற்றின் நடுவே ஒரு கல் நின்றால் அதன் பின்பக்கம் மணல் கரையாமல் தங்குமே, அதுபோலக் கோட்டைப் பாறையின் கிழக்குப் பக்கத்தில் மென்பாறை ஒரு நீண்ட சரிவாகத் தப்பித்துக்கொண்டது. அந்தச் சரிவின் முதுகில்தான் இன்று ராயல் மைல் வீதி ஓடுகிறது. கோட்டை வாசலிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் அந்த வீதியில் நடப்பவர்கள், பனி விட்டுச்சென்ற வால் மீது நடக்கிறார்கள். வடக்கில் பிரின்ஸஸ் ஸ்ட்ரீட் பூங்கா இருக்கும் பள்ளமும் தெற்கில் கிராஸ்மார்க்கெட் இருக்கும் பள்ளமும் பனி பிரிந்து போன தடங்கள்.

பகைவன் ஏற முடியாத மூன்று பக்கம், நகரம் வளர ஒரு பக்கம். எந்த அரசன் கேட்டாலும் இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது. முதலாம் டேவிட் அரசர் 1130 வாக்கில் கட்டிய புனித மார்கரெட் சிற்றாலயம் இன்றும் இந்தப் பாறையின் உச்சியில் இருக்கிறது. நகரத்திலேயே மிகப் பழைய கட்டடம் அதுதான்.

ஆனால் இப்படிக் காத்த பாறையே ஒரு விஷயத்தில் கைவிட்டது. தண்ணீர். மணற்கல்லில் நுண்ணிய துளைகள் இருக்கும். மழைநீர் அதில் ஊறித் தங்கும். இறுகிய எரிமலைப் பாறையில் அந்தத் துளைகள் கிடையாது. விரிசல் வழியே கசிவதுதான் கிணற்றுக்கு வரும். எடின்பரோ கோட்டையில் பாறையைக் குடைந்து ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டியும், கோடையிலும் முற்றுகையிலும் அது வற்றிப்போனது. 1573-இல் ஸ்காட்லாந்தின் மேரி அரசிக்காகக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்தவர்கள் மீது பீரங்கிகள் முழங்கின. கோட்டையின் டேவிட் கோபுரம் இடிந்து விழுந்து அந்தக் கிணற்றையும் மூடியது. தாகத்தில் தவித்த படை சரணடைந்தது.

பாறைக்குழம்பு எப்படிப் பாறையாகிறது என்பதை உலகுக்குப் புரியவைத்ததிலும் இதே நகரத்துக்குப் பங்கு உண்டு. கோட்டையிலிருந்து கிழக்கே பார்த்தால் சாலிஸ்பரி கிராக்ஸ் என்ற செங்குத்துப் பாறைவரிசை தெரியும். 1726-இல் எடின்பரோவில் பிறந்த நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன், அங்கே கெட்டிப் பாறை அடியிலிருந்த படிவுப் பாறையைப் பிய்த்து மேலே வளைத்திருப்பதைக் காட்டினார். பாறைகள் எல்லாம் கடல் நீரில் படிந்து உண்டானவை என்று பலர் நம்பிய காலம் அது. இந்தப் பாறை ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தது, ஏற்கெனவே இருந்த அடுக்குகளுக்கிடையே புகுந்து இறுகியது என்று அவர் வாதிட்டார். பூமியின் வயது மனிதக் கணக்குக்குள் அடங்காது என்ற எண்ணமும் அவரிடமிருந்தே வலுப்பெற்றது.

ஹட்டன் சொன்ன அதே வேலையின் விளைவுதான் ஸ்டெர்லிங். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பாறைக்குழம்பு மேலே வெடித்து வராமல் படிவு அடுக்குகளுக்கிடையே ஒரு பெரிய தகடாகப் பரவி இறுகியது. அந்தத் தகடு வெளியே தெரியும் ஒரு விளிம்பில் ஸ்டெர்லிங் கோட்டை நிற்கிறது. எதிரே ஸ்காட்லாந்துப் போர்வீரர் வில்லியம் வாலஸின் நினைவுக் கோபுரம் நிற்கும் குன்றும் அதே தகட்டின் துண்டுதான்.

ஸ்டெர்லிங்கில் பாறையைப் போலவே கீழே இருக்கும் சமவெளியையும் பார்க்க வேண்டும். பனி உருகிய பின் கடல் ஃபோர்த் பள்ளத்தாக்குக்குள் வெகுதூரம் ஏறி வந்து, களிமண்ணைப் படியவிட்டுப் பின்வாங்கியது. 1819-இல் கோட்டைக்கு அருகே ஏர்த்ரி என்ற இடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடே கிடைத்தது. கடல் போன பின் அந்த நிலம் சேறும் சதுப்புமாக நின்றது. வடக்கே போக வேண்டிய படைக்கு ஸ்டெர்லிங் பாலத்தை விட்டால் நல்ல வழி இல்லை. 1297-இல் ஆங்கிலப் படை அந்தக் குறுகிய பாலத்தில் பாதி தாண்டியிருந்தபோது வாலஸின் ஆட்கள் பாய்ந்தார்கள். 1314-இல் பானக்பர்னில் ஆங்கிலக் குதிரைப்படை ஈரநிலத்தில் நெருக்குண்டு ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸிடம் தோற்றது. இரண்டு வெற்றிகளிலும் பழைய கடலின் சேற்றுக்குப் பங்கு உண்டு.

வடகிழக்குக் கடற்கரையில் ஸ்டோன்ஹேவனுக்கு அருகே உள்ள டனாட்டர் வேறு வகை. இங்கே எரிமலை அடைப்பு இல்லை. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஓங்கி நின்ற மலைகளிலிருந்து ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிய திரள்பாறை இது. கடல் சுற்றிலும் அரித்து, ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் ஒரு முனையைக் கிட்டத்தட்டத் தனியே வெட்டி நிறுத்தியிருக்கிறது. பாதையோரப் பாறையைக் கையால் தடவினால், மறைந்துபோன மலைத்தொடரின் கற்கள் உருண்டை உருண்டையாகத் தட்டுப்படும். 1651-இல் ஆங்கிலத் தளபதி கிராம்வெலின் படை ஸ்காட்லாந்தை வென்றபோது அந்நாட்டின் மணிமுடியும் செங்கோலும் வாளும் இங்கேதான் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. மாதக்கணக்கில் நீண்ட முற்றுகை முடிவதற்குள் அவை ரகசியமாக வெளியே போய், கினெஃப் தேவாலயத் தரைக்கடியில் புதைக்கப்பட்டன. இன்று எடின்பரோ கோட்டையில் அவற்றைப் பார்க்கலாம்.

இன்வர்னெஸிலிருந்து தெற்கே இறங்கும் ஏ82 சாலையில் போனால் லாக் நெஸ் ஏரிக்கரையில் அர்க்கட் கோட்டையின் இடிபாடுகள் வரும். 1692-இல் காலி செய்துவிட்டுப் போன அரசுப் படை, எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று வெடிவைத்துத் தகர்த்த கோட்டை. அதன் முன்னால் கிடக்கும் ஏரி நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்தைக் குறுக்கே வெட்டும் ஒரு மாபெரும் நிலப்பிளவின் மேல் அது கிடக்கிறது. பிளவின் இருபுறமும் நிலம் உராய்ந்து நகர்ந்ததில் நடுவே பாறை நொறுங்கியது. நொறுங்கிய பாறையைப் பனி எளிதில் தோண்டிவிட்டது. ஏரியின் ஆழம் ஏறத்தாழ 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகள் எல்லாவற்றின் நீரையும் கூட்டினாலும் இந்த ஒரு ஏரியின் நீருக்கு ஈடாகாது.

அதே ஏ82 க்ளென்கோ பள்ளத்தாக்கைத் தாண்டி, லாக் லோமண்ட் கரையோரமாக இறங்கி, டம்பார்ட்டனுக்குக் கொண்டுவந்து விடுகிறது. 73 மீட்டர் உயரமுள்ள இரட்டைத் தலைப் பாறை. இதுவும் ஓர் எரிமலையின் தொண்டை அடைப்பு. பழைய பிரித்தானிய மொழி பேசிய ஓர் அரசு இங்கே இருந்து ஆண்டது. 870-இல் ஓலாஃப், ஐவர் என்ற வைக்கிங் தலைவர்கள் முற்றுகையிட்டார்கள். நான்கு மாதம் பாறை தாக்குப்பிடித்தது. கிணற்றுத் தண்ணீர் போனது; பசியும் தாகமும் கோட்டையை வீழ்த்தின. எடின்பரோ சரணடைந்ததற்கு எழுநூறு ஆண்டுகள் முன்பே அதே வகைப் பாறையில் அதே கதை நடந்து முடிந்திருந்தது.

நீர் உட்புகாத இறுக்கம்தான் அந்தப் பாறையைப் பனியிடமிருந்து காத்தது. மனிதனுக்கு அரணாகவும் அதே இறுக்கம்தான் நின்றது. முற்றுகை நீண்டபோது தாகத்தில் வாட்டியதும் அதுதான். ஒரு குணம், மூன்று விளைவுகள். அரசர் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவராது. பாறையை மட்டும் பார்ப்பவருக்கும் தெரியவராது.

அடுத்த முறை எந்த நாட்டில் எந்தக் கோட்டைக்குப் போனாலும், வாசலுக்குள் நுழையுமுன் சற்று நின்று சுவரின் அடியைப் பாருங்கள். இது என்ன பாறை, எப்படி இங்கே வந்தது, இதன் மேல் இருந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று கேளுங்கள். உடன் வருபவர் வரலாறு தெரிந்தவராக இருந்தால் அவரையும் பேசவிடுங்கள். இருவர் சேர்ந்து பார்த்தால்தான் ஒரு கோட்டை முழுதாகத் தெரியும்.