வெப்ப அறைப் படிக அலையியற்றி

வெப்ப அறைப் படிக அலையியற்றி (ஓசிஎக்ஸ்ஓ) என்பது குவார்ட்ஸ் படிகத்தை மாறாத வெப்பநிலையில் வைத்து, நிலையான அதிர்வெண்ணைத் தரும் மின்னணுச் சுற்று ஆகும். 1950 முதல் 1980கள் வரை உருவான உயர்தர அதிர்வெண் எண்ணிகளில் இதுவே காலத்தின் அளவுகோலாக இருந்தது. எண்ணியின் திரையில் எத்தனை இலக்கங்கள் தெரிந்தாலும், அளவீட்டின் துல்லியம் இந்த அலையியற்றியின் துல்லியத்தைத் தாண்ட முடியாது.

எண்ணியில் இதன் பங்கு

அதிர்வெண் எண்ணி, உள்ளே வரும் அலைகளைக் குறித்த நேரத்துக்கு மட்டும் எண்ணுகிறது. 10 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றியின் ஒரு கோடி அலைவுகள் முடிந்தால் ஒரு நொடி என்று அது கொள்கிறது. அலையியற்றி சற்று வேகமாக ஓடினால் அந்த "நொடி" குறுகிவிடும். எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, 145 மெகாஹெர்ட்ஸ் அலையை அளக்கும்போது அலையியற்றியில் பத்து இலட்சத்தில் 2 பங்கு பிழை இருந்தால், விடையில் 290 ஹெர்ட்ஸ் பிழை வரும். பிழை பத்துக் கோடியில் ஒரு பங்காக இருந்தால், அது ஏறத்தாழ 1.5 ஹெர்ட்ஸ் மட்டுமே.

வெப்பம் ஏன் தேவை

குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது. ஆனால் ஒவ்வொரு படிகத்துக்கும், அது வெட்டப்பட்ட கோணத்தைப் பொறுத்து, ஒரு திரும்பு வெப்பநிலை உண்டு. அந்தப் புள்ளியில் வெப்பநிலை சிறிது ஏறி இறங்கினாலும் அதிர்வெண் ஏறக்குறைய மாறுவதில்லை. வெப்ப அறை படிகத்தை அந்தப் புள்ளியிலேயே நிறுத்தி வைக்கிறது.

இந்த அறைக்குச் சூடேற்ற மட்டுமே தெரியும், குளிர்விக்கத் தெரியாது. ஆகவே அதன் வெப்பநிலை கருவிக்குள் நிலவும் அதிகபட்ச வெப்பநிலையைவிட உயர்வாக இருக்க வேண்டும். பொதுவாக இது 70 முதல் 85 டிகிரி செல்சியசு வரை அமையும்.

அமைப்பு

காற்றுப் புகாமல் மூடப்பட்ட படிகம் ஓர் உலோகக் கூட்டில் பொருத்தப்படுகிறது. தெர்மிஸ்டர் வெப்பநிலையை உணர்கிறது. சூடேற்றும் கம்பிச்சுருளோ டிரான்சிஸ்டரோ வெப்பம் தருகிறது. சுற்றிலும் வெப்பம் கடத்தா உறை இருக்கும். பழைய வகைகளில் வெப்பக் கட்டுப்பாட்டு நிலைமாற்றி சூடேற்றியை முழுதாக இயக்கியும் நிறுத்தியும் வந்தது. இதனால் வெப்பநிலை ஓயாமல் ஏறி இறங்கியது. பின்னர், தேவைக்கேற்ற அளவில் மட்டும் மின்சாரம் தரும் விகிதக் கட்டுப்பாடு வந்தது.

வரலாறு

1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினர். 1934இல் அதே ஆய்வகத்தில் ஏடி வெட்டுப் படிகம் உருவானது. 1950களின் தொடக்கத்தில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் 524 வரிசை, வெற்றிடக் குழாய்களைக் கொண்டு 10 மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணியது. 1960களில் வந்த 5245எல், நிக்சி குழாய்களில் இலக்கங்களைக் காட்டி 50 மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணியது. அதன் அலையியற்றியின் விலகல் ஒரு நாளைக்கு நூறு கோடியில் 3 பங்குக்கும் குறைவு என வரையறுக்கப்பட்டது. எஸ்சி வெட்டுப் படிகத்தைக் கொண்ட 10811 வகையில் அது நூறு கோடியில் அரைப் பங்காகக் குறைந்தது.

முதுமையும் மீள்தொடக்கமும்

படிகத்தின் பரப்பில் நுண்துகள்கள் படிவதாலும் நீங்குவதாலும், தாங்கிகளின் இறுக்கம் தளர்வதாலும் அதிர்வெண் நாளடைவில் மெல்ல விலகுகிறது. இது முதுமை எனப்படும். தொடர்ந்து இயங்கும் அலையியற்றியில் முதுமை மிக மெதுவாகவே நிகழும். நிறுத்திக் குளிரவிட்டு மீண்டும் இயக்கினால், அது பழைய அதிர்வெண்ணுக்கு அப்படியே திரும்புவதில்லை. இதனால்தான் பல எண்ணிகளில் மின் பொத்தானை அணைத்தாலும், மின்செருகி இணைந்திருக்கும் வரை வெப்ப அறை சூடாகவே இருக்கும். பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த எண்ணியைச் சரிசெய்யும் முன் சில நாட்களாவது தொடர்ந்து சூடாக வைத்திருப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத பழுது

சில வகைகளில் அளவு மீறிய சூட்டைத் தடுக்க வெப்ப உருகி உண்டு. அது அறுந்தால் அறை குளிர்ந்துவிடும்; ஆனால் அலையியற்றி நிற்பதில்லை. எண்ணி வழக்கம்போல் எல்லா இலக்கங்களையும் காட்டும். அவற்றுள் கடைசிச் சில தவறாக இருக்கும். சூடேற்றியின் மின்னோட்டம் தொடக்கத்தில் உயர்ந்து சில நிமிடங்களில் தணிகிறதா என்று பார்த்தால் இப்பழுதை அறியலாம்.

சரிபார்த்தல்

அலையியற்றியை ஜிபிஎஸ் வழி நிலைநிறுத்தப்பட்ட 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்துடன் அலைநோக்கியில் ஒப்பிடலாம். ஓர் அலை மற்றொன்றைவிட 10 நொடியில் ஒரு முழு அலைவு நகர்ந்தால் பிழை பத்துக் கோடியில் ஒரு பங்கு. 100 நொடி எடுத்தால் நூறு கோடியில் ஒரு பங்கு. நகர்வு மிக மெதுவாகும்வரை திருத்தும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.