பளுக் குறைந்த வண்டி

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலை அடையும் கழிமுகப் பகுதியில் அமைந்த ஊர் காரைக்கால். ஆட்சி முறையில் இது புதுச்சேரியைச் சார்ந்தது. எனினும் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பெற்று, கிழக்கே வங்கக் கடலை எல்லையாகக் கொண்டு தனித்து விளங்குகின்றது. இங்குக் கடலோரம் முழுவதும் மணல். அதனைக் கடந்து மேற்கே சென்றால் வண்டல் படிந்த நன்செய் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்வெளிப் பாதைகள் சேறாகிவிடும். மணலிலும் சேற்றிலும் செல்வதற்குப் பெரிய வண்டிகள் தகுதியுடையன அல்ல. மீன் கூடையையும் பால் பாத்திரத்தையும் புற்கட்டையும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை வழியே செல்ல வல்லது, பளுக் குறைந்த சிறு மோட்டார் வண்டியே ஆகும்.

இத்தகைய வண்டியின் சிறப்பை உலகம் ஒரு போரின்போது நன்கு உணர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து நாட்டின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சுமார் 59 கிலோகிராம் எடையுள்ள சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் படைக்குச் செய்தளித்தது. அதனைப் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். விமானத்திலிருந்து குதிக்கும் வீரர்களுடன் அவ்வண்டியும் பாராசூட் மூலம் இறக்கப்பட்டது. தரையில் மோதி நொறுங்காதிருக்கும் பொருட்டு, எஃகுக் குழாய்களாலான கூட்டினுள் அதனை அசையாது பொருத்தி அனுப்பினர். பள்ளமோ வேலியோ குறுக்கிட்டால், வீரர்கள் வண்டியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வர். பின்னர் 1955ஆம் ஆண்டில் அந்நிறுவனத்துடன் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கியது. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது.

எளிய மக்களுக்கு ஏற்ற சிறு வண்டி தமிழ்நாட்டிலேயே 1980ஆம் ஆண்டில் தோன்றியது. ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் அமர்ந்து செல்லத்தக்க மொபெட் ஆகும். மோட்டார், பெடல் என்னும் இரு சொற்களின் முதற்பகுதிகள் இணைந்ததே மொபெட் என்னும் பெயர். உழவரும் மீனவரும் சிறு வணிகரும் அதனைத் தம் உற்ற துணையாகக் கொண்டனர்.

பளுக் குறைவு நன்மை தரும் காரணம் யாது? இளகிய நிலத்தில் கனமான வண்டியின் சக்கரம் ஆழப் புதையும். இலேசான வண்டியின் சக்கரம் அவ்வாறு புதையாது. வண்டி சாய முற்பட்டாலும், ஓட்டுபவர் காலை ஊன்றி அதனைத் தாங்கிக்கொள்ளலாம். ஆயினும் எளிதில் ஓடும் வண்டி எளிதில் சறுக்கவும் கூடும். மணலில் செல்லும்போது வேகத்தைச் சீராக வைத்துக்கொண்டு, உடலின் பாரத்தைச் சற்றுப் பின்னே கொள்ளல் வேண்டும். முன் சக்கரத் தடையைத் திடீரென அழுத்தினால் அச்சக்கரம் மணலில் புதைந்து, வண்டி கவிழும். சேற்றிலோ மெதுவாகச் செல்வதும், கூர்மையாகத் திரும்பாதிருப்பதும் இன்றியமையாதன. சுமையைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் கட்டுதல் வேண்டும். உயரத்தில் சுமை ஏறினால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வண்டி நிலைகுலையும்.

இனி, இவ்வண்டியை மற்றொரு வண்டியில் ஏற்றிச் செல்லும் முறையைக் காண்போம். 'சிறிய வண்டிதானே!' என்று எண்ணிப் பலர் இதில் கவனம் செலுத்துவதில்லை. ஓடும் லாரி திடீரென நின்றால், அதனுள் இருக்கும் பொருள் தன் வேகத்தை விடாது முன்னோக்கிப் பாயும். இது நிலைமத்தின் விளைவாகும். கட்டப்படாத வண்டி இவ்வாறு பாய்ந்து, அருகில் அமர்ந்தவரை நசுக்கிவிடவும் கூடும். ஆதலால், வழுக்காத அகன்ற பலகையைச் சாய்வாக வைத்து, எஞ்சினை நிறுத்திய பின்னர், ஒருவர் கைப்பிடியைப் பற்ற, மற்றொருவர் பின்னிருந்து தள்ள, வண்டியை ஏற்றுதல் வேண்டும். முன் சக்கரம் லாரியின் முன் சுவரைத் தொட்டு நிற்கட்டும். பக்கத் தாங்கியை மட்டும் நம்பலாகாது. குலுக்கலில் அது மடங்கிவிடும். முன்னும் பின்னும் இரு பக்கங்களிலுமாக நான்கு கயிறுகளை எதிரெதிர்த் திசைகளில் இழுத்துக் கட்டினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். சிறிது தூரம் சென்றதும் கயிறுகள் தளரும்; அப்போது நின்று மீண்டும் இறுக்குதல் நன்று.

பெட்ரோல் குழாயை மூடிவைக்க மறத்தல் ஆகாது. ரயிலில் பார்சலாக அனுப்புவதாயின், தொட்டியிலுள்ள பெட்ரோல் முழுவதையும் வெளியேற்றிய பிறகே ஒப்படைத்தல் வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றுடன் கலந்து நிற்கையில் ஒரு சிறு பொறி போதும்; பெட்டியே தீப்பற்றிவிடும். ஒருவரது சோம்பலால் பலர் உயிரிழக்க நேரும் இடம் இதுவே.

சாலையில் ஓட்டுவதற்குச் சட்டமும் எல்லை வகுத்துள்ளது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவரே மோட்டார் வண்டி ஓட்டலாம். 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உள்ள இரு சக்கர வண்டியை மட்டும் 16 வயதில், உரிமம் பெற்று, ஓட்டலாம். ஓட்டுபவருடன் ஒருவருக்கு மேல் ஏறிச் செல்லக் கூடாது. இருவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். வயது நிரம்பாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் தண்டனைக்கு உள்ளாவர் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகின்றது. எனவே, சிறுவனின் ஒரு நாள் ஆசை குடும்பத்தையே துன்பத்தில் ஆழ்த்தக் கூடும்.

பாராசூட்டில் இறங்கிய வண்டியைக் காத்தது எஃகுக் கூடு. லாரியில் செல்லும் வண்டியைக் காப்பது இறுகக் கட்டிய கயிறு. அதன்மீது அமர்பவரைக் காப்பது தலைக்கவசமும் நிதானமும் ஆகும். வண்டியின் எடை குறைந்திருக்கலாம். அதனை ஆள்பவரின் பொறுப்பு ஒருபோதும் குறைதல் ஆகாது.