மீன் குட்டைகளில் மருந்துக் கழிவும் மூலிகைச் சத்துக்களின் உபயோகமும்

வயலுக்குப் பாயும் வாய்க்காலினின்றே குட்டைக்கும் ஜலம் விட்டு, கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டை இனங்களை வளர்க்கும் குடியானவர்கள் பலர் உளர். எரு, தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றின் செலவை இவர்கள் செவ்வனே கணக்கிடுவர். ஜலத்தோடு கலந்து வரும் மருந்துகளைக் கவனிப்போர் சிலரே. மனிதருக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கப்படும் மருந்துகள் பலவற்றில் ஒரு பகுதி மாறுதலடையாமலே சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறுகின்றது. ஆஸ்பத்திரிச் சாக்கடை, மருந்துத் தொழிற்சாலைக் கழிவு, கோழிப் பண்ணை எரு ஆகியவற்றின் வழியாகவும் அது குளம் குட்டைகளை அடைகின்றது.

கேட்டின் தன்மை

ஐதராபாத்துக்கு அருகிலுள்ள படான்சேருவில், ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட ஜலத்தைச் சுவீடன் தேசத்து விஞ்ஞானிகள் பரீக்ஷித்து, 2007-ஆம் வருஷம் முடிவை வெளியிட்டனர். அதில் லிட்டர் ஒன்றுக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து காணப்பட்டது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவினும் இது மிகுதியாகும்.

மிகச் சிறிய அளவும் தீங்கு செய்யவல்லது. வலிக்குக் கொடுக்கும் டைக்ளோபினாக் மருந்து லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் இரண்டு லக்ஷத்தில் ஒரு பங்கு கலந்த ஜலத்தில் நான்கு வாரம் இருந்த டிரவுட் மீன்களின் சிறுநீரகமும் செவுளும் கேடுற்றதாக, ஜெர்மனியில் நடந்து 2004-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

மூலிகைச் சத்து செய்யும் உதவி

இத்தகைய மருந்துகள் பல மீனின் ஈரலிலும் செவுளிலும் பிராணவாயுவின் தீவிரப் பொருள்களைப் பெருகச் செய்து, உயிரணுக்களை அழிக்கின்றன. பூண்டு, மஞ்சள், முருங்கையிலை இவற்றிலுள்ள சத்துக்கள் அப்பொருள்களைத் தணித்து, மீனின் இயற்கையான தற்காப்பையும் வலுப்படுத்துவதாகத் தொட்டிகளில் நடந்த பரீக்ஷைகள் தெரிவிக்கின்றன. பூண்டைக் கொண்டு செய்த பல பரீக்ஷைகளில் ஒரு கிலோ தீவனத்துக்கு 5 முதல் 20 கிராம் வரை சேர்க்கப்பட்டது. பூண்டைப் பச்சையாக நசுக்கித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீவனத்தில் பிசைந்து, அன்றன்றே இடுதல் நலம். வேகவைத்தால் அதன் வீரியம் குறையும். மஞ்சளின் சத்து ஜலத்தில் எளிதில் கரையாதாகையால் சிறிது எண்ணெயுடன் சேர்க்கலாம். முதலில் ஒரு சிறு குட்டையிலோ தொட்டியிலோ பரீக்ஷித்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு இடுக.

செய்ய முடியாதவை

மூலிகைச் சத்து மீனின் உடலுக்கு ஒரு கவசமே அன்றி, ஜலத்தைச் சுத்தம் செய்யும் சாதனமன்று. தீவனத்தில் பூண்டு கலப்பதால் குட்டையிலுள்ள மருந்து நீங்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கே பெருகுவதும் நிற்காது. மீன் செழிப்பாகத் தோன்றினும், அதன் இறைச்சியில் தங்கிய மருந்து உண்பவரைச் சேரும்.

செடியிலிருந்து வந்தது யாவும் தீங்கற்றது என்று எண்ணுதலும் தவறு. வேண்டாத மீன்களை ஒழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குட்டைக்கு ஏறத்தாழ 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடும் வழக்கம் பலரும் அறிந்ததே. அப்பிண்ணாக்கும் செடியினின்று வந்ததேயன்றோ! ஆதலால் அளவு அறியாத கஷாயங்களை நேரே குட்டையில் ஊற்றலாகாது.

முதற் கடமை

மருந்து கொடுக்கப்பட்ட மாட்டின் சாணத்தைக் குட்டைக்கு இடாமல் தனிக் குழியில் மக்க வைக்கவேண்டும். டைக்ளோபினாக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006-லும், தீனிக்கென வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பது 2019-லும் நமது தேசத்தில் தடுக்கப்பட்டன என்பதை நினைவிற் கொள்க. கெட்டுப்போன மாத்திரைகளை வாய்க்காலில் எறியலாகாது. ஆஸ்பத்திரி அல்லது தொழிற்சாலைச் சாக்கடை கலக்கும் வாய்க்காலினின்று குட்டைக்கு ஜலம் எடுப்பதை அறவே விலக்குக.

ஏரி, வாய்க்கால்களில் இத்தகைய கழிவு விழக் கண்டால், கிராம அதிகாரிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். ஒரு மடையில் விழும் கழிவு அம்மடைப் பாசனத்திலுள்ள குட்டைகள் அனைத்தையும் கெடுக்குமாதலால், இதனை ஒருவருடைய நஷ்டமாகக் கருதாது ஊரின் பொதுக் காரியமாகக் கொள்ளவேண்டும். ஜலத்தைக் காத்த பின்னரே மூலிகையின் உதவி பயன் தரும்.