மாமன் மகளும் மணிமுடியும்

செல்லூர்ச் செப்பேட்டில் உள்ள வேங்கி அரசர்களின் வம்சாவளியைப் படித்தால் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதுபோல்தான் இருக்கிறது. முதலாம் ராஜராஜர் தன் மகள் குந்தவையை வேங்கிச் சாளுக்கியர் விமலாதித்தனுக்குக் கொடுத்தார். (வந்தியத்தேவரின் மனைவி குந்தவை இவளுக்கு அத்தை.) இவள் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு வாய்த்தவள் தாய்மாமன் ராஜேந்திரரின் மகள் அம்மங்கை. அம்மங்கையின் மகனுக்கும் தாய்மாமன் மகள்தான், இரண்டாம் ராஜேந்திரரின் மகள் மதுராந்தகி. அந்த மருமகன்தான் 1070இல் சோழர் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கர்.

கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் நடுவே பொன் விளையும் பூமி வேங்கி. மேலைச் சாளுக்கியர்களுக்கும் அதன்மேல் கண். படை அனுப்பிக் காத்த மண்ணைச் சோழர்கள் பெண் கொடுத்தும் கட்டிவைத்தார்கள். ரஷ்யாவின் ரோமானோவ்களும் தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் சிற்றரசுகளில் பெண் எடுத்தவர்கள்தான். வந்த பெண்ணுக்கு மதமும் பெயரும் மாறும். 1894இல் ஜெர்மன் இளவரசி ஆலிக்ஸ் அலெக்சாண்ட்ரா ஆனார். கணவர் இரண்டாம் நிக்கோலஸ் அவருக்குத் தூரத்துச் சொந்தமும்கூட.

அம்மங்கைக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இருந்ததா? செப்பேட்டில் ஒரு சொல் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

ஏனென்றால் பெண்ணைக் கேட்காமல் சொந்தத்துக்குள் முடித்துவைக்கும் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்தான் நடக்கின்றன. ஒரே குடும்பத்தில் மறைந்து கிடக்கும் மரபுக் குறை இரண்டு பக்கமும் சேர்ந்து பிள்ளையிடம் வெளிப்படும் ஆபத்தை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தெரிந்த இடம், பெண்ணைக் கண்கலங்க விடமாட்டார்கள் என்பார்கள் பெரியவர்கள். இருக்கலாம். கேட்காமல் கொடுப்பதற்கு அது பதிலாகாது.

இத்தனைக்கும் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024இல் திறந்த விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். சொந்தச் சம்பளம், சொந்த வங்கிக் கணக்கு என்று வாழும் பெண்கள். இரவு ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெண், ஐடி கார்டு கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி போனில் மன்றாடிக்கொண்டிருந்தாள்: "தை மாசம் வேணாம்மா. ரெண்டு வருஷம் போகட்டும்னு மாமாகிட்ட சொல்லு."

மாமா நிலமும் அப்பா நிலமும் ஒரே வரப்பாம்.

"மாமா பையனுக்கு இஷ்டமா?" என்று கேட்டேன்.

"அவனையும் யாரும் கேக்கலை சார்."