மோட்டார் வண்டி விளக்குகளில் 'ஷார்ட்': இடத்தைக் கண்டறிதல்

இரவில் நெடுஞ்சாலையில் செல்லும் லாரியின் பின்விளக்குகள் அணைந்துவிட்டால், அதனை ஓட்டுபவர் பெரும்பாலும் அதை அறிவதில்லை. முன்னால் வெளிச்சம் இருக்கிறது, வண்டியும் ஓடுகிறது. பின்னால் வருபவருக்கோ இருட்டைத் தவிர வேறொன்றும் புலப்படுவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. லாரியின் உருவம் கண்ணுக்குத் தெரிந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் இடைவெளி தீர்ந்துபோகக்கூடும்.

விளக்குக் கோளாறுகளுள் பல்பு எரிந்துபோவது எளியது, மாற்றினால் தீர்ந்தது. புதிய பியூஸைப் பொருத்தியவுடன் அதுவும் உருகிப்போவதே தொல்லை மிகுந்தது. மின்சாரம் பல்பின் வழியே செல்லாமல் வேறொரு குறுக்கு வழியைக் கண்டுகொண்டது என்பதற்கு அது அறிகுறி. இதனையே தொழிலாளர் 'ஷார்ட்' என்றும், நூல்கள் குறுக்குச் சுற்று என்றும் குறிப்பிடுகின்றன.

இக்கோளாறு மோட்டார் வண்டிகளில் மிகுதியாகத் தோன்றுவதற்குக் காரணம் அவற்றின் மின் அமைப்பிலேயே உள்ளது. வீட்டு விளக்கிற்கு மின்சாரம் சென்று திரும்ப இரண்டு கம்பிகள் உண்டு. வண்டியிலோ பெரும்பாலும் ஒரே கம்பிதான் விளக்குவரை செல்கிறது. திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமும் உடலுமே. பாட்டரியின் எதிர்முனை சட்டத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. (பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே அவ்வாறு இணைக்கப்பட்டிருந்தது.) இதனால் செம்புக் கம்பி பாதியளவு மிச்சமாகிறது. ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையுண்டு. கம்பியின் மேலுறை எவ்விடத்தில் தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டாலும், அவ்விடத்திலேயே சுற்று முடிந்துவிடுகிறது.

12 வோல்ட் பாட்டரியுள்ள காரை எடுத்துக்கொள்வோம். 21 வாட் பிரேக் விளக்கொன்று 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கிறது. கம்பி இரும்பைத் தொடும்போது சுற்றின் மொத்த மின்தடை 0.1 ஓம் அளவுக்குக் குறைந்துவிட்டால், மின்னோட்டம் 120 ஆம்பியராகப் பெருகும். அப்போது வெளிப்படும் ஆற்றல் 1,440 வாட். ஒரு மின் அடுப்பின் வெப்பத்துக்கு நிகரானது. பியூஸ் முதலில் உருகித் தன்னைப் பலியிட்டுக் கம்பியைக் காக்கிறது. 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பியூஸைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் கோளாறைத் தீர்ப்பதில்லை. உருகவேண்டிய இடத்தைப் பியூஸிலிருந்து கம்பிக்கு மாற்றுகின்றன, அவ்வளவே. மின்னோட்டம் மும்மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் ஒன்பது மடங்காகும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். வண்டிகள் தீப்பற்றுவதற்கு இது ஒரு காரணம்.

இடத்தைத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உருகிய பியூஸை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கிடையே 21 வாட் பல்பு ஒன்றை இணைத்தால் போதும். (24 வோல்ட் லாரிக்கு 24 வோல்ட் பல்பு வேண்டும்.) இனி எவ்வளவு கடுமையான ஷார்ட் இருந்தாலும் மின்னோட்டம் 1.75 ஆம்பியரைத் தாண்டாது. பியூஸ்களை ஒவ்வொன்றாக வீணாக்கவும் வேண்டியதில்லை. சோதனைப் பல்பு முழு ஒளியுடன் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அணைந்தால் அது நீங்கியது.

இங்கே ஓர் ஏமாற்றத்திற்கு இடமுண்டு. வண்டியின் விளக்குகளிலுள்ள பல்புகளைக் கழற்றாமல் சோதித்தால், அவற்றின் வழியே செல்லும் மின்னோட்டமே சோதனைப் பல்பை ஓரளவு ஒளிரச் செய்யும். ஓம் மீட்டரால் அளப்பவரும் இதே பொறியில் சிக்குவர். எரியும்போது சுமார் 7 ஓம் தடையுள்ள இழை, குளிர்ந்த நிலையில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே காட்டும். அதைப் பார்த்து ஷார்ட் எனக் கொள்வது எளிது. ஆகவே அந்தச் சுற்றிலுள்ள பல்புகள் அனைத்தையும் முதலில் கழற்றிவிட வேண்டும். அவற்றுள் ஒன்றைக் கழற்றும்போதே சோதனைப் பல்பின் முழு ஒளி அணைந்துவிட்டால், பழுது அந்தப் பல்பிலோ அதன் தாங்கியிலோ உள்ளது என்பது தெளிவு. மழைநீர் புகுந்து துருவேறிய தாங்கிகளில் இது நிகழ்வதுண்டு.

பின்னர், பழுது எப்போது தோன்றுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் சோதனைப் பல்பு எரிந்தால் கோளாறு பிரேக் சுவிட்சைத் தாண்டி, பின்விளக்குகளை நோக்கிச் செல்லும் பகுதியில் இருக்கிறது. மிதிக்காமலே எரிந்தால் பியூஸுக்கும் சுவிட்சுக்கும் இடைப்பட்ட சிறு தொலைவே தேடவேண்டிய இடம். ஒரு கம்பியையும் தொடாமல் பாதி வண்டி ஆராயப்பட்டுவிட்டது!

மீதமுள்ள கம்பியை அடி அடியாக உரித்துப் பார்ப்பது வீண். அதன் நடுவிலுள்ள இணைப்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும். சோதனைப் பல்பு அணைந்தால் பழுது பின்பாதியில். தொடர்ந்து எரிந்தால் முன்பாதியில். பத்து மீட்டர்க் கம்பி இவ்வாறு மூன்றே சோதனைகளில் ஒன்றேகால் மீட்டராகச் சுருங்கிவிடும். அதற்குமேல் கண்ணும் கையும் போதும். இரும்புத் தகட்டின் துளை வழியே கம்பி நுழையுமிடம், டிக்கிக் கதவின் கீல், பின்னர் கூடுதலாகப் பொருத்திய விளக்கின் இணைப்பு, எலி கடித்த இடம் ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள்.

மேடுபள்ளங்களில் மட்டும் தோன்றி மறையும் ஷார்ட் பொறுமையைச் சோதிப்பது. சோதனைப் பல்பைக் கண்ணுக்குத் தெரியும்படி தொங்கவிட்டு, ஒருவர் அதைப் பார்த்திருக்க, மற்றவர் கம்பித் தொகுப்பைச் சாண் சாணாக அசைத்துவர வேண்டும். பல்பு மின்னும் கணத்தில் கை எங்கிருக்கிறதோ, அதன் அருகில்தான் பழுது.

அண்மைக் காலத்துக் கார்கள் பலவற்றில் விளக்குகளை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்குகிறது. ஷார்ட் ஏற்பட்டால் அதுவே மின்னோட்டத்தை நிறுத்திவிடும். எடுத்துப் பார்க்கத் தனிப் பியூஸ் இராது. அத்தகைய கம்பிகளில் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாராமல் சோதனைப் பல்பை இணைத்தல் தகாது.

இடம் தெரிந்தபின், முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றவேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் தவறி உடலைத் தொடும்போது அங்கேயே புதிய ஷார்ட் ஏற்படும். புண்பட்ட கம்பியை வெட்டி, இணைத்து, வெப்பத்தில் சுருங்கிப் பற்றும் உறையால் மூடுதல் நலம். எஞ்சினருகே ஒட்டுநாடா விரைவில் நெகிழ்ந்துவிடும். துளையில் ரப்பர் வளையம் விழுந்துபோயிருந்தால் அதையும் புதிதாகப் பொருத்தவேண்டும்; இல்லையேல் அதே விளிம்பு அதே கம்பியை மீண்டும் தேய்க்கும். இறுதியாக, கையேட்டில் கண்ட ஆம்பியர் அளவுள்ள பியூஸைப் பொருத்தி, எல்லா விளக்குகளையும் ஏற்றி, வண்டியைக் கரடுமுரடான பாதையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கவேண்டும்.