பழைய புல்லட்டின் கியர்ப்பெட்டி

மலைச்சாலையில் இறங்கும் மோட்டார் சைக்கிளில் கியர் தானாகக் கழன்றுவிடுமாயின், வண்டியை இழுத்துப் பிடித்திருந்த எஞ்சினின் தடை அக்கணமே அற்றுப்போகிறது. பிறகு பிரேக் ஒன்றே துணை. பழைய புல்லட் வண்டிகளில் காணப்படும் இக்குறைக்காகக் கியர்ப்பெட்டி முழுவதையுமே மாற்றிப் பலர் வீண்செலவு செய்கின்றனர். பெரும்பாலும் தேய்ந்திருப்பவை விரல்நுனி அளவுள்ள சில எஃகு முனைகளேயாம்.

1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956 முதல் திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. அதன் நான்கு கியர்ப்பெட்டி, ஆல்பியன் என்னும் ஆங்கில அமைப்பைச் சார்ந்தது. எஞ்சினுக்குப் பின்னால் தனியே பூட்டப்பட்டது. வீட்டில் பிரிப்போருக்கு இது பெரிய வசதி. கூட்டை வண்டியிலேயே விட்டு, வலப்புற மூடிகளின் வழியே தண்டுகளை எடுத்துவிடலாம். ஆயினும் இடப்புறத்துக் கிளட்ச் முதலில் அகல வேண்டும். அதன் நடுநட்டைத் தளர்த்துகையில் வண்டியை நான்காம் கியரில் இட்டு, பின் பிரேக்கை அழுத்திக்கொள்வர். அவசரப்பட்டுப் பின்சக்கரச் செயினை முன்னரே கழற்றியவர்கள் இப்பிடிப்பை இழந்து, நட்டை உளியால் அடித்துக் கெடுப்பதுண்டு.

தண்டின்மீது நகரும் பற்சக்கரத்தின் பக்கவாட்டில் தடித்த முனைகள் உள்ளன. பட்டறைகளில் இவற்றை ‘டாக்’ என்பர். இவை அடுத்த சக்கரத்தின் எதிர்முனைகளுக்கிடையே புகுந்து நிற்பதாலேயே விசை கடத்தப்படுகிறது. ஓரங்கள் உருண்டுவிட்டாலோ, பளு ஏற ஏற அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. நகத்தால் தடவினாலே இத்தேய்வு புலப்படும். தேய்ந்த சக்கரத்தோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் விரைவில் கெடும். ஆகையால் இரண்டையும் மாற்றுவதே சிக்கனம். சக்கரத்தை நகர்த்தும் கவை வளைந்திருந்தால் முனைகள் அரைகுறையாகவே புகும். அதைப் பாராமல் சக்கரங்களை மட்டும் மாற்றியவர்கள் மறுபடியும் பெட்டியைப் பிரிக்க நேரிடும்.

கியர் கழல்வது வேறு, விழாமலிருப்பது வேறு. பின்னதற்கு மிதிநெம்புகோலின் தடுப்புத் தகட்டைச் சிறிது நகர்த்துவதே போதுமானதாக இருக்கலாம். பெட்டியைப் பிரிக்குமுன் இதைச் சோதித்தல் நன்று.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து எடுத்தலாகாது. கூடு அலுமினியக் கலவை, பேரிங் எஃகு. கொதிநீரில் நனைத்த துணியால் கூட்டைச் சுற்றி 70 டிகிரி அளவு வெப்பம் ஏற்றினால், 60 மில்லிமீட்டர்த் துளையொன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விரியும். அதே வெப்பத்தில் எஃகு வளையம் அதில் பாதியே விரிவதால் பிடிப்பு தளர்கிறது. திட விரிவை வகுப்பில் விளக்கும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

மூடியைப் பூட்டுமுன், பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நான்கு கியர்களையும் இட்டுப் பார்க்கவேண்டும். சக்கரம் நின்றிருந்தால் முனையும் முனையும் நேருக்குநேர் முட்டி, நல்ல பெட்டியும் பழுதானதுபோல் தோன்றும். உள்ளே இடவேண்டியது பாதித் திரவமான கிரீஸ். கெட்டியான கிரீஸைச் சக்கரங்கள் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். பிறகு அது பற்களுக்குத் திரும்பி வருவதில்லை.