சமவாக்கும் திருவுளச்சீட்டும்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது நார்த்தம்பர்லாந்து. பரந்த நிலம், செறிவற்ற குடிகள். 2017இல் அதன் மாவட்ட மன்றத்தில் 67 இடங்கள் இருந்தன. அறுதிப் பெரும்பான்மைக்கு 34 வேண்டும். அவ்வாண்டு மே 4ஆம் நாள் நடந்த தேர்தலில் பழமைவாதக் கட்சி 33 இடங்களை வென்றது. முப்பத்து நான்காவது இடம் தென் பிளைத் என்னும் துறைமுகத் தொகுதியில் கைக்கெட்டும் தொலைவில் நின்றது. அங்கே அக்கட்சி வேட்பாளருக்கு 356 வாக்குகள். தாராளவாத மக்களாட்சிக் கட்சி வேட்பாளருக்கும் அதே 356. திரும்பவும் எண்ணினர், அதன்பின் இன்னொரு முறையும் எண்ணினர். எண்கள் அசையவில்லை. முடிவில், நீளம் வேறுபட்ட துரும்புகளை மறைத்துப் பிடித்து இழுக்கும் முறையில், துரும்பு இழுத்தனர். துரும்பு தாராளவாதிகளின் பக்கம் நின்றது. பழமைவாதிகள் 33 இடங்களோடு சிறுபான்மை ஆட்சியே அமைக்க நேர்ந்தது.

மாவட்ட ஆட்சியைத் துரும்பு தீர்ப்பதா என்று நகைக்கத் தோன்றும். நகைப்பதற்குமுன் கணக்கைப் பார்ப்பது முறை.

வாக்காளர் ஒவ்வொருவரும் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்தின்படி இருவரில் ஒருவரைத் தேர்கிறார் எனக் கொள்வோம். 712 பேர் இவ்வாறு வாக்களித்தால் சரிபாதியாகப் பிரிவதற்கான நிகழ்தகவு என்ன? இரண்டை, வாக்காளர் தொகையும் 'பை' எனும் மாறிலியும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்து, ஈவுக்கு இருபடி மூலம் காண வேண்டும். விடை ஏறத்தாழ 0.03. நூறு தேர்தல்களில் மூன்று சமனாக முடியும் என்பது எதிர்பார்ப்புக்கு மிஞ்சிய அளவுதான். வாக்காளர் தொகை நான்கு மடங்கானாலும் இந்நிகழ்தகவு பாதியாகத்தான் குறையும். ஒற்றை வாக்கின் வலிமை தொகையின் இருபடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது என்பதை ஆங்கில அறிவியலார் லயனல் பென்ரோஸ் 1946இல் ஒரு கட்டுரையில் நிறுவினார். உலக நாடுகளின் மன்றத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை வாக்கு தரலாம் என்ற ஆராய்ச்சிக்கும் அதுவே வழிகாட்டியது.

ஆனால் மாந்தர் நாணயங்கள் அல்லர். நாணயம் சற்றே கோணியிருந்து, நூற்றுக்கு 55 பேர் ஒருவர் பக்கம் சாய்கின்றனர் என வைத்தால், அதே 712 வாக்குகளில் சமன் நேரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே சரிந்துவிடும். ஐந்து விழுக்காட்டுச் சாய்வு முப்பத்தைந்து மடங்கு வேறுபாட்டை விளைக்கிறது! ஆகவே பென்ரோஸின் வாய்பாட்டை அப்படியே ஒரு தொகுதிமேல் பொருத்துவது பிழை. எத்தொகுதி எப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு தொகுதியில் முதலிருவர்க்கும் 3,000 வாக்குகள் விழுகின்றன. அவர்களிடையிலான வேறுபாடு சுழியத்திலிருந்து 1,500 வரை எதுவாகவும் இருக்கலாம் எனத் தோராயமாகக் கொள்வோம். 3,000 இரட்டைப்படை எண். வேறுபாடும் இரட்டைப்படையாகவே அமையும். எனவே ஏறத்தாழ 750 வாய்ப்புகளுள் ஒன்று சமன். இத்தகைய 2,000 தொகுதிகள் ஒரே நாளில் தேர்தலைச் சந்தித்தால் இரண்டு மூன்று இடங்களில் சமவாக்கு தோன்றுவது இயல்பு. தனித்துப் பார்க்கையில் வியப்பாகத் தெரிவது தொகுத்துப் பார்க்கையில் வழக்கமாகிவிடுகிறது. அந்தச் சமன்களுள் ஒன்று ஆட்சியையே நிறுக்கும் தொகுதியில் வந்து விழுந்ததுதான் நார்த்தம்பர்லாந்தின் அரிய நேர்வு.

இனி, எண்ணுதல். அதுவும் ஓர் அளவீடே; எவ்வளவீட்டுக்கும் பிழைவரம்பு உண்டு. இங்கிலாந்தில் முதலில் ஒவ்வொரு பெட்டியின் சீட்டுகளையும் எண்ணி, வாக்குச்சாவடி அலுவலர் எழுதித் தந்த கணக்கோடு ஒப்பிடுகின்றனர். பின்னர் ஒரு பெட்டியின் சீட்டுகளை வேறொன்றின் சீட்டுகளோடு கலக்கின்றனர். எத்தெரு எவர்க்கு வாக்களித்தது என்பது வெளிப்படலாகாது. எண்ணி முடியும்வரை சீட்டுகளின் முகம் மேல்நோக்கியே இருக்க வேண்டும்; பின்புறத்தில் அச்சிட்ட அடையாள எண்ணை எவர் கண்ணும் காணலாகாது என்பதே காரணம். கட்டத்துக்கு வெளியே குறியிட்டாலும் வாக்காளரின் நோக்கம் தெளிவாயின் சீட்டு செல்லும். 'தெளிவு' என்பதை அளக்கத்தான் கருவி இல்லை. அங்கே தேர்தல் அலுவலரின் கண்ணே கருவி. ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் இந்த ஐயச்சீட்டுகளை எவரும் பொருட்படுத்தார். வேறுபாடு ஒன்றிரண்டாகச் சுருங்கும்போது முடிவு முழுதும் அவற்றின்மேல் நிற்கும். கருவியின் நுண்மைக்குக் கீழே போன வேறுபாட்டை ஆயிரம் முறை அளந்தாலும் தெளிவு கூடாது. அந்நிலையில் திருவுளச்சீட்டை நாடும் சட்டத்தை நான் குறைகூற மாட்டேன். மறுதேர்தலை விட அது நேர்மையானது. மறுதேர்தல் வேறொரு நாளின் மனநிலையை அளக்கும், இந்நாளின் ஐயத்தைத் தீர்க்காது.

2006ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தேர்தல் விதிகள் இதனை அழகாக வகுத்துள்ளன. சமன் நேர்ந்தால் தேர்தல் அலுவலர் உடனே திருவுளச்சீட்டால் முடிவு காண வேண்டும். அது எவர்மேல் விழுகிறதோ அவர் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் போலவே கொள்ளப்படுவார். எக்கருவியால் திருவுளம் காண்பது என்பதை விதி சொல்லவில்லை. நாணயமா, துரும்பா, உறையிலிட்ட பெயரா?

நாணயம் நாம் நம்புமளவு நடுநிலையுடையதன்று. மாயவித்தைக்காரராக இருந்து கணிதவியலார் ஆன பெர்சி டயகோனிசும் அவருடைய துணைவரும் 2007இல், சுண்டிய நாணயம் எப்பக்கம் மேலாகத் தொடங்கிற்றோ அப்பக்கமே மேலாக விழச் சற்றே கூடுதல் வாய்ப்புண்டு என இயற்பியல் வழி காட்டினர். 2023இல் வெளிவந்த ஆய்வொன்றில் 48 பேர் 3,50,757 முறை நாணயம் சுண்டினர். தொடங்கிய பக்கமே விழுந்தது நூற்றுக்கு 50.8 முறை. தொடக்கப் பக்கத்தை மறைத்துச் சுண்டினால் இக்கோணல் நீங்கும். ஆனால் இரவெல்லாம் எண்ணிக் களைத்தவர்கள் கூடிய அரங்கில் அவ்வளவு நுணுக்கம் யார் பார்ப்பார்?

துரும்பில் அத்தொல்லை இல்லை. இரண்டில் ஒன்றை முதலில் இழுப்பவர்க்கு வாய்ப்புப் பாதி. எஞ்சியதைப் பெறுபவர்க்கும் பாதி. முந்துவதால் யாதொரு நன்மையும் இல்லை. பிடித்திருக்கும் கை நீளத்தைக் காட்டிக்கொடாமல் இருந்தால் போதும். அதற்கு ஓர் உறை போதுமானது.